ஆயிரம் கண் சல்லடை

எங்கள் ஊர்ப் பலசரக்குக் கடைகளில் 'நயம்' என்றால் சரக்கின் தரம். நயம் உளுந்து, நயம் புளி, நயம் மிளகாய் வத்தல். கடைக்காரர் உளுந்தை உள்ளங்கையில் பரப்பி, கட்டைவிரலால் தள்ளித் தள்ளிக் காட்டி, "நயம் சரக்கு, நல்லா பாத்துக்கிடுங்க" என்பார். அந்தக் கட்டைவிரல் அசைவை நான் எப்போதும் கவனிப்பேன். தூத்துக்குடிக்கு அது மிகப் பழைய அசைவு.

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிப்பியிலிருந்து எடுத்த முத்துகளை அளவு பிரிக்கப் பத்துப் பித்தளைச் சல்லடைகள் வைத்திருந்தார்கள். பெட்டி என்று பெயர். முதல் பெட்டிக்கு 20 கண். பிறகு 30, 50, 80, 100, 200, 400, 600, 800. கடைசிப் பெட்டிக்கு 1000 கண். கண் கூடக் கூடத் துளை சிறுக்கும். அளவு பிரித்தபின் உருட்சியும் ஒளியும் பார்த்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்: ஆணி, களிப்பு, குறுவல், பீசல், இப்படிப் போய்க் கடைசியில் தூள். இரண்டிலும் குறையில்லாதது ஆணி. நல்ல பிள்ளையை 'ஆணிமுத்து' என்று இன்றைக்கும் சொல்கிறோம். தூளையும் கீழே கொட்டவில்லை, அதற்கும் ஒரு பெயரும் விலையும் இருந்தன என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது.

இந்தக் கரையில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்தது. 1973-இல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானி அழகர்சாமி தூத்துக்குடியில் சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டினார். கடலுக்குள் இறங்கும் சங்குகுளிக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். பத்துப் பெட்டிகளைக் கொண்டு முத்தைப் பார்த்த அந்தக் கண்ணை மட்டும் நான் தூத்துக்குடி மில்லர்புரத்தில் இருக்கும் என் வீட்டுப் பின்கட்டுக்குக் கடன் வாங்கியிருக்கிறேன்.

மில்லர்புரத்தில் நின்றால் கடல் தெரியாது. ஆனாலும் இரும்புக் கதவின் கீல் துருவேறும் வேகத்தில், கிணற்று நீரின் சவர்ப்பில், வெயிலில் காய்ந்த கைலியின் விறைப்பில் கடல் இருக்கிறது. குடிக்கும் தண்ணீர் தாமிரபரணியினுடையது. வல்லநாட்டிலிருந்து அதை ஊருக்குக் கொண்டுவந்த பெருமையை நகராட்சித் தலைவராக இருந்த குரூஸ் பர்னாந்துக்குத் தூத்துக்குடிக்காரர்கள் இன்றும் கொடுக்கிறார்கள். பின்கட்டில் ஒரு முருங்கை, ஒரு வேம்பு, துணி காயப்போடும் கம்பி ஒன்று. மதிலை ஒட்டி, யாரும் வைக்காமல் தானே வந்த எருக்கஞ்செடி. இவ்வளவுதான் என் சாம்ராஜ்யம்.

அந்தக் கம்பியில் இந்த வருஷம் தேன்சிட்டு கூடு கட்டியது.

ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு. நம் நடுவிரல் நீளத்தைவிடச் சற்றே பெரியது. எடை, இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களைக் கையில் வைத்துப் பார்த்தால் எவ்வளவோ அவ்வளவு. கூட்டைக் கட்டுவது பெண். ஆண் பக்கத்து முருங்கைக் கிளையில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருக்கும். முதல் நாள் கம்பியில் ஒரு நரைமுடிபோல ஏதோ ஒட்டியிருந்தது. சிலந்தி நூல். அடுக்களை ஜன்னல் மூலையில் நான் அடிக்காமல் விட்டிருந்த ஒட்டடையிலிருந்துதான் அது வந்திருந்தது. அந்தரத்தில் சிறகடித்து நின்றபடி, வளைந்த அலகின் நுனியால் நூலைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போவதை அப்புறம் பலமுறை பார்த்தேன். சிலந்தி நூல் இழுத்தால் நீளும், விட்டால் பழைய நிலைக்குச் சுருங்கும். முட்டையும் குஞ்சும் எடை கூட்டக் கூட்ட, கூடு அறுந்து விழாமல் தாங்குவது அந்த நூலின் குணத்தால்.

நான்காம் நாள் பார்த்தால் கம்பியில் குப்பை தொங்கியது. உண்மையிலேயே குப்பை. காய்ந்த வேப்பிலைச் சருகு, பட்டைத் துணுக்கு, கம்பளிப்பூச்சியின் எச்சம், அரிசிச் சாக்கிலிருந்து பிரிந்த நீல நார் ஒன்று. எதுவும் பின்னப்படவில்லை. எல்லாம் நூலால் ஒட்டித் தொங்கவிடப்பட்டிருந்தன. கீழே வால் மாதிரி ஒரு சருகுக் கொத்து, காற்றுக்கு ஆடியது. காக்கை அந்தப் பக்கம் பத்துத் தடவை வந்து போயிற்று, திரும்பிப் பார்க்கவில்லை. கிட்டப் போய் நின்றால்தான் பக்கவாட்டில் வாசல் தெரியும். வாசலுக்கு மேலே அரை விரல்கடை நீட்டிய ஓர் இறவாரம். உள்ளே எருக்கம் பஞ்சு, புரை தெரியாத வெண்மை. வெளியே பீசலும் தூளும், உள்ளே ஆணி. கச்சான் காற்று மேற்கிலிருந்து மண்ணை வாரி அடிக்கிற காலம் அது. வாசல் கிழக்கே பார்த்திருந்தது.

இரண்டு முட்டை. பதினைந்து நாள் அடைகாத்தது. அந்த நாட்களில் வாசலுக்கு வெளியே அலகின் நுனி மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும், கறுப்பு நூல் கோத்த ஊசி மாதிரி. துணிகளை நான் மாடிக்குக் கொண்டுபோனேன்.

கம்பிக்கு நேர் கீழே, துவைக்கிற கல்லின் மேல், எங்கள் பூனை. கறுப்பி. கூட்டைப் பார்க்கவே மாட்டாள், ஆனால் அங்கேதான் உட்காருவாள். அவள் தாவும் உயரத்தைவிடக் கம்பி உயரம் என்பது எனக்குத் தெரிந்ததுபோல் அவளுக்கும் தெரிந்திருந்தது. காலையில் மீன்காரம்மாவின் வண்டி தெருமுனை திரும்புமுன்னே இடது காது மட்டும் தனியாகத் திரும்பும். தலை திரும்பாது, கண் திறக்காது. வண்டி எங்கள் வாசலுக்கு வந்து, "யக்கா, காரல் பச்சையா இருக்கு, எடுக்கியளா?" என்று குரல் கேட்கும்போது அவள் ஏற்கெனவே படியில் இருப்பாள்.

தின்று முடித்து அவள் நக்கிச் சுத்தம் செய்துகொள்வதை ஒருநாள் மிக அருகில் இருந்து பார்த்தேன். நாக்கு மேலே பட்டதும் மயிர் ஈரமாகிறது, நாக்கு சின்னது, மேல்தோல் வரைக்கும் எப்படி எச்சில் போகிறது? பூனை நாக்கின் முட்கள் ஒவ்வொன்றின் நுனியும் சின்னக் கரண்டிபோலக் குழிந்திருக்கிறது, அந்தக் குழி எச்சிலை மொண்டு மயிருக்கு அடியில் கொண்டுபோய் விடுகிறது என்று 2018-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் கண்டுசொன்னார்கள். அதைப் படித்த பிறகு, என் புறங்கையை அவள் நக்கும்போது அந்தச் சொரசொரப்பில் நூற்றுக்கணக்கான கரண்டிகளை உணர்கிறேன்.

கச்சானைப் பற்றிச் சொன்னேனே, அதை இப்போது கைப்பேசியிலும் பார்க்க முடிகிறது. கப்பல்கள் இருக்குமிடம் காட்டும் செயலி ஒன்று வைத்திருக்கிறேன். பெரிய கப்பல்கள் எல்லாவற்றிலும் ஏ.ஐ.எஸ். என்ற கருவி உண்டு. ஓடுகிற கப்பல் சில நொடிகளுக்கு ஒருமுறை தன் அடையாள எண், நிற்கும் இடம், முகம் வைத்திருக்கும் திசை இவற்றை வானலையில் சொல்லிக்கொண்டே போகும். நங்கூரம் போட்டுவிட்டால் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை சொல்லும். வ.உ.சி. துறைமுகத்துக்கு வெளியே, முறைக்காகக் காத்து நிற்கும் கப்பல்கள் திரையில் சின்ன வடிவங்களாகத் தெரியும்.

ஆடி மாதம் பார்த்தால் அவை எல்லாம் மேற்கே மூக்கை வைத்து நிற்கும். சொல்லிவைத்த மாதிரி. நங்கூரம் போட்ட கப்பல் காற்று வரும் பக்கம் முகத்தைக் கொடுத்துத்தான் நிற்கும். ஐப்பசி பிறந்து கொண்டலும் வாடையும் தொடங்கினால் நாலைந்து நாள் தடுமாற்றம், ஒன்று வடக்கே, ஒன்று தெற்கே. பிறகு ஒரு காலையில் எல்லாம் திரும்பியிருக்கும். பின்கட்டுக்கு வந்து பார்த்தால் முருங்கையும் சாய்வை மாற்றிக்கொண்டிருக்கும். சீனத்து முதலாளியின் கப்பலும் கிரேக்கத்து முதலாளியின் கப்பலும் என் முருங்கையும் ஒரே காற்றுக்குக் கட்டுப்பட்டு நிற்கிற அந்தக் காட்சிக்காகவே அந்தச் செயலியை வைத்திருக்கிறேன்.

அதே திரையைக் கொஞ்சம் சுருக்கினால் உலகச் செய்தி. 2023 நவம்பரில் செங்கடலில் ஹூதிகள் கப்பல்களைத் தாக்கத் தொடங்கிய பிறகு, ஏடன் பக்கம் நெரிசல் குறைந்து, தென்னாப்பிரிக்க முனையைச் சுற்றி வடிவங்கள் எறும்பு வரிசையாகப் போவதைப் பார்த்தேன். பயணம் பத்து நாளுக்கு மேல் நீண்டது. அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். வரிசையை ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்த அன்றுதான், ஒவ்வொன்றிலும் இருபது, இருபத்தைந்து மாலுமிகள் வீட்டுக்குப் பத்து நாள் தாமதமாகப் போகிறார்கள் என்பது மனத்தில் இறங்கியது.

அடுத்த மாதமே மழை. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர். இந்தப் பக்கம் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம். அதன் துயரத்தை எழுத இது இடமில்லை. என் மதிலில் அது போட்ட வண்டல் கோட்டை மட்டும் வெள்ளையடித்து மறைக்காமல் வைத்திருக்கிறேன்.

சல்லடை என்ற சொல் எனக்குத் திரும்ப வந்தது அக்கரைச் செய்தி ஒன்றில். 2021 மே 20-ஆம் தேதி கொழும்புக்கு வெளியே எக்ஸ்-பிரஸ் பேர்ல் என்ற கப்பல் தீப்பிடித்து, ஜூன் 2-இல் மூழ்கத் தொடங்கியது. பேர்ல் என்றால் முத்து. அதிலிருந்து கொட்டியவை வெள்ளை வெள்ளையான பிளாஸ்டிக் மணிகள், பக்கெட்டும் குடமும் வார்க்கிற மூலச்சரக்கு. சுமார் 1,680 டன். ஒவ்வொன்றும் துவரம்பருப்பைவிடப் பெரிதில்லை. முத்துக்குளித்த அதே மன்னார்க் கடலின் எதிர்க்கரையில், கடற்படையினரும் ஊர்க்காரர்களும் மணலை அள்ளிச் சல்லடையில் சலித்து அவற்றைப் பொறுக்கிய படங்கள் வந்தன. அந்தக் கேட்டுக்காக நூறு கோடி டாலர் இழப்பீடு தரவேண்டும் என்று இலங்கை உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்பளித்தது. அதற்கு இரண்டு மாதம் முன்னால், மே 25-இல், எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் 640 கொள்கலன்களோடு கொச்சிக்கு வெளியே மூழ்கி, அதே மணிகள் குமரிக் கரையிலும் ஒதுங்கின. அங்கேயும் சல்லடை.

இந்த மணிகளை அந்தப் பத்துப் பெட்டிகளில் இட்டுச் சலித்தால் ஏதாவது ஒன்றில் நிற்கும். உருட்சி உண்டு, ஓரளவு ஒளியும் உண்டு. மீன் முட்டை என்று நினைத்து மீன்கள் விழுங்குகின்றன. அதை அறிந்ததிலிருந்து, கறுப்பிக்குக் காரல் கழுவும்போது குடலை விரலால் அழுத்திப் பார்க்கும் வழக்கம் எனக்கு வந்திருக்கிறது. வெள்ளியை உருக்கிப் பூசினமாதிரி வழவழவென்ற மீன், விரல் நீளம். இதுவரை என் விரலில் ஒன்றும் நெருடவில்லை.

தேன்சிட்டுக் குஞ்சுகள் இரண்டும் பறந்துவிட்டன. கூட்டை எடுக்கவில்லை. ஒட்டடையும் அடிக்கவில்லை.

முத்துநகர்க் கடற்கரைக்கோ திருச்செந்தூருக்கோ மணப்பாட்டுக்கோ வந்தால், பிள்ளைகள் அலையில் ஆடுகிற நேரத்தில் ஒரு கைப்பிடி மணலை எடுத்து, கடைக்காரர் உளுந்து தள்ளுகிற மாதிரி கட்டைவிரலால் தள்ளிப் பாருங்கள். சங்குத் துணுக்கு வரும், சிப்பிப் பொடி வரும், கறுப்பு மணல் வரும். வெள்ளை மணி ஒன்று அகப்பட்டால் அதை மட்டும் மறுபடி மணலில் போட்டுவிடாதீர்கள். முந்தானையிலோ சட்டைப் பையிலோ முடிந்துகொண்டு வந்துவிடுங்கள்.