கல்லாக நிற்கும் மரம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வசதியான வீடுகளின் கணப்பு மாடத்தில் கறுப்புக் கல்லில் செய்த பிரெஞ்சுக் கடிகாரங்கள் வீற்றிருந்தன. தூக்கினால் கை கடுக்கும் கனம், விலையும் அப்படித்தான். அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தின் செத் தாமஸ் கம்பெனி அதே கம்பீரத்தை மரத்தில் கொண்டுவந்தது. மரப்பெட்டியின் மேல் மெல்லிய செல்லுலாய்டு தகட்டை ஒட்டினார்கள். 'அடமன்டைன்' என்று அதற்குப் பெயர், காப்புரிமை 1880-இல். கறுப்பு உடம்பு, பச்சையும் சிவப்பும் ஓடும் பளிங்கு போன்ற தூண்கள், இரு பக்கமும் வளையம் கவ்விய சிங்கமுகம்.

போலி என்று இவற்றை ஒதுக்குகிறவர்கள் உண்டு. நான் ஒப்பமாட்டேன். நூறு வருஷம் தாண்டியும் அந்தக் கறுப்பின் ஆழம் குறையவில்லை. பழுப்பேறிய இடத்தில்கூட ஒரு கனிவு இருக்கிறது. வண்ணம் பூசிய மற்றக் கம்பெனிப் பெட்டிகள் உரிந்துபோனதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இதன் அருமை தெரியும். ஏராளமாகச் செய்து விற்றதால் இன்றைக்கும் கைக்கெட்டும் விலையில் கிடைக்கிறது.

ஆனால் எனக்கு முதலில் காது, பிறகுதான் கண். உள்ளே இரண்டு ஸ்பிரிங். ஒன்று நேரத்துக்கு, இன்னொன்று மணிக்கு. ஒரு தடவை சாவி கொடுத்தால் எட்டு நாள். முழு மணிக்கு அத்தனை அடி, அரை மணிக்கு ஒன்று என்று நாளுக்கு 180 அடி. முழு மணி அடிப்பது சுருள் கம்பியில். மரப்பெட்டி அந்த நாதத்தை வாங்கி, கனமாக்கி, அறைக்குள் விடுகிறது. கல் பெட்டிக்கு இந்தக் குரல் வராது என்பது என் தீர்மானம்.

வாங்கும்போது ஓடவிட்டுக் கேளுங்கள். 'டிக்'குக்கும் 'டாக்'குக்கும் இடைவெளி சமமாக இருக்க வேண்டும். நொண்டினால் பதற வேண்டாம், பல நேரம் அடியில் பலகை சாய்ந்திருக்கும். மூலைகளில் தகடு தூக்கியிருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். செல்லுலாய்டு சட்டென்று தீப்பிடிக்கும். விளக்கு, ஊதுவத்தி பக்கத்தில் வைக்கவே கூடாது. பாலிஷ் போடுகிறேன் என்று மேலே எதையும் பூசாதீர்கள், மெத்தென்ற துணி போதும். வீட்டுக்குக் கொண்டுபோகுமுன் பெண்டுலத்தைக் கழற்றித் தனியாகச் சுற்றிக்கொள்ளுங்கள். மாட்டியபடியே வண்டியில் ஏற்றினால், அது தொங்கும் மெல்லிய தகட்டு ஸ்பிரிங் முறுக்கிக்கொள்ளும்.