புதிய பூட்டும் பழைய கையும்

மணவூர் ரயில் நிலையத்தில் காலை வண்டிக்குக் காத்திருக்கும் ஒரு கல்லூரி மாணவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் எத்தனை கடவுச்சொற்கள் இருக்கும்? சீசன் டிக்கெட்டுக்கு ஒன்று, வங்கிக் கணக்குக்கு ஒன்று, மின்னஞ்சலுக்கு ஒன்று, கல்வி உதவித்தொகைக்கு ஒன்று, டி.என்.பி.எஸ்.சி. பதிவுக்கு ஒன்று. எண்ணிப் பார்த்தால் பத்து, இருபது என்று போகும். இத்தனையையும் நினைவில் சுமப்பது மனித மூளைக்கு ஏற்ற வேலை அன்று. ஆகவே பலரும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள்: எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி, அல்லது நாற்பது பக்க நோட்டு ஒன்று.

நோட்டைக் கேலி செய்ய வேண்டாம். அயல்நாட்டில் கணிப்பொறி முன் அமர்ந்திருக்கும் திருடனால் மணவூரில் அலமாரிக்குள் இருக்கும் நோட்டைத் தொட முடியாது. ஆனால் நோட்டுக்குக் கண் இல்லை. வங்கியின் உண்மையான தளம் எது, அதே நிறமும் சின்னமும் போட்டு எவனோ அமைத்த போலித் தளம் எது என்று அதற்குத் தெரியாது. பல வேளைகளில் நமக்கும் தெரிவதில்லை. கடவுச்சொல் காப்பகம் என்னும் மென்பொருள் நோட்டை விட உயர்ந்து நிற்பது இந்த இடத்தில்தான். அது நம் சொற்களை மறைகுறியாக மாற்றிப் பூட்டி வைக்கிறது. முதன்மைக் கடவுச்சொல் ஒன்றினால் மட்டுமே திறக்கிறது. அத்துடன், ஒவ்வொரு சொல்லும் எந்த இணைய முகவரிக்கு உரியது என்பதையும் குறித்து வைத்துக்கொள்கிறது. தளத்தின் பெயரில் ஓர் எழுத்து வேறுபட்டாலும் கட்டத்தைத் தானாக நிரப்பாது. ‘ஏன் நிரம்பவில்லை?’ என்று நீங்கள் ஐயுறும் அந்தக் கணமே உங்கள் பணத்தைக் காக்கும் கணம்.

இம்மென்பொருள்களும் மற்றவற்றைப் போலவே அடிக்கடி புதிய பதிப்புகளாக வந்துகொண்டிருக்கின்றன. இரவில் ஒரு முகம், காலையில் வேறொரு முகம். பழகிய பொத்தானைக் காணோம்; விரல் பட்ட இடத்தில் வேறு ஏதோ திறக்கிறது. இவ்வகைப் பதிப்பு மாற்றங்களை எப்படி எடைபோடுவது என்பதே இங்கு நம் கேள்வி. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவற்றைச் செய்வோர் பலர் அசைக்கக் கூடாததை அசைக்கிறார்கள். தாமே அசைத்துத் தர வேண்டியதை நம் தலையில் கட்டிவிட்டு இருந்துவிடுகிறார்கள்.

முதலில் கண்ணுக்குத் தெரியும் மாற்றத்தைப் பார்ப்போம். பிட்வார்டன் என்னும் காப்பகத்தைப் பலர் கட்டணமின்றிப் பயன்படுத்துகிறார்கள். இணைய உலவியில் பொருந்தி நிற்கும் அதன் துணைச் செயலி 2024 டிசம்பரில் முழுவதும் புது வடிவம் பெற்றது. பழைய வடிவத்தில், பட்டியலில் உள்ள பெயரைத் தொட்டாலே கடவுச்சொல் கட்டத்தில் போய் நிரம்பும். புதிய வடிவத்திலோ பெயரைத் தொட்டால் அந்தப் பதிவின் விவரம் திறந்தது. நிரப்புவதற்கென்று பக்கத்தில் தனியாக ஒரு சிறு பொத்தான் வைக்கப்பட்டிருந்தது. பார்ப்பதற்கு அற்ப மாற்றம். ஆனால் பயனர்களின் எதிர்ப்பு பெரிதாக எழுந்தது. பழைய பழக்கத்தை மீட்டுத் தரும் விருப்பத் தேர்வைப் பின்னர் வந்த பதிப்புகளில் நிறுவனம் சேர்க்க வேண்டியதாயிற்று. வேடிக்கை என்னவென்றால், கண்ட்ரோல், ஷிஃப்ட், எல் ஆகிய மூன்று விசைகளை அழுத்தி நிரப்பிப் பழகியவர்களுக்கு ஒரு தொல்லையும் இல்லை. அவர்களுடைய கை போகும் இடத்தை எவரும் மாற்றவில்லை.

‘பழக்கம்தானே, நாலு நாளில் மாறிவிடும்’ என்பவர்கள் உண்டு. பழக்கம் எங்கே தங்குகிறது என்று அவர்கள் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். 1953-ல் வலிப்பு நோய்க்காக மூளை அறுவை செய்துகொண்ட ஒருவர், புதிய நிகழ்ச்சி எதையும் நினைவில் நிறுத்தும் ஆற்றலை இழந்தார். மருத்துவ நூல்கள் அவரை எச்.எம். என்ற எழுத்துகளால் குறிக்கும். கனடா நாட்டு உளவியலறிஞர் பிரெண்டா மில்னர் அவருக்கு ஒரு பயிற்சி கொடுத்தார்: கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு நட்சத்திரத்தின் ஓரத்தை வரைந்து செல்ல வேண்டும். மூன்று நாட்களில் எச்.எம். கை தேர்ந்துவிட்டார். ஆனால் அந்தப் பயிற்சியை முன்பு செய்ததாகவே அவருக்கு நினைவில்லை. 1962-ல் வெளியான இந்த ஆய்வு, கைப்பழக்கத்தின் நினைவும் செய்தியின் நினைவும் வெவ்வேறு என்பதற்கு வலுவான சான்றாயிற்று. ஆகவே ‘இப்பதிப்பில் புதியவை’ என்று ஓர் அறிவிப்பைப் படிப்பதனால் கை திருந்திவிடாது. அறிவிப்பு ஓர் அறைக்குப் போகிறது. பழக்கம் இன்னோர் அறையில் இருக்கிறது.

நம் ஊர்களில் இதன் சுமை இன்னும் கூடுதல். தமிழ் வழியில் படித்தவர்களும் வயதில் மூத்தவர்களும் ஆங்கிலச் சொல்லைப் படித்து அன்று, ‘மேலே வலப்பக்கம் இரண்டாவது’ என்று இடத்தைக் கொண்டே பல செயலிகளை இயக்குகிறார்கள். பொத்தானை இடம் மாற்றுவது அவர்களுக்குத் தெருவின் பெயர்ப்பலகையையே மாற்றுவது போன்றது.

ஆனால் எரிச்சலோடு இது முடிவதில்லை என்பதைக் கவனியுங்கள். தானாக நிரம்பாதபோது மனிதர் என்ன செய்கிறார்? காப்பகத்தைத் திறந்து, கடவுச்சொல்லை நகலெடுத்து, கட்டத்தில் தாமே ஒட்டிவிடுகிறார். முன்பு, நிரம்ப மறுப்பது போலித் தளத்துக்கு அடையாளம். இப்போதோ, நிரம்பாமை என்பது புதிய பதிப்பின் வழக்கமான கோளாறு என்றே அவர் எண்ணுகிறார். போலித் தளத்திலும் அப்படியே ஒட்டுவார். காப்பகத்தின் கண்ணை அவரே கட்டிவிட்டார். பயனரின் பழக்கம் பூட்டின் ஒரு பகுதி என்று நான் சொல்வது இதனால்தான். அதைச் சோம்பல் என்று கருதும் பொறியாளர், தாம் செய்த பூட்டின் பாதியைத் தாமே அறியாதவர்.

மாற்றத்தைப் பக்குவமாகச் செய்ய முடியாதா? மணவூர்ப் பயணிகளுக்குத் தெரிந்த எடுத்துக்காட்டே ஒன்று உண்டு. 2025 ஜூலையில் ரயில்வே வெளியிட்ட ரயில்ஒன் செயலி முகத்தில் முற்றிலும் புதியது. ஆயினும் பழைய யூ.டி.எஸ். செயலியின் பயனர் அடையாளத்தையே அது ஏற்றுக்கொண்டது. வீடு புதிது, சாவி பழையது. கைக்கு வேறு குறைகள் தென்படலாம். அந்த ஒரு முடிவு சரியானது.

‘அப்படியானால் பழைய பதிப்பிலேயே இருந்துவிடுகிறேன்’ என்பீர்கள். கூடாது. கீபாஸ் என்னும் காப்பகம் 2003-லிருந்து இருக்கிறது. ஜெர்மனியைச் சேர்ந்த டொமினிக் ரெய்ஷல் எழுதியது. விலை இல்லை, புற அழகில் அக்கறையும் இல்லை. பழைய விண்டோஸ் காலத்து முகத்தையே இன்னும் அது வைத்திருக்கிறது. அந்த அடக்கமான மென்பொருளில் 2023-ல் ஒரு குறை வெளிப்பட்டது. முதன்மைக் கடவுச்சொல்லை நாம் தட்டச்சு செய்யும்போது, ஒவ்வோர் எழுத்தின் சுவடும் கணிப்பொறியின் நினைவகத்தில் தங்கிவிட்டது. அந்த நினைவகத்தின் நகல் கையில் கிடைத்தால், முதல் எழுத்து நீங்கலாக மற்ற எழுத்துகளை மீட்டுவிட முடிந்தது. 2023 ஜூனில் வந்த 2.54 பதிப்பு இதைச் சரிசெய்தது. அந்தப் பதிப்பை ஏற்றியவர் கண்ணுக்கு எந்த வேறுபாடும் தெரிந்திராது. ஏற்றாதவருக்கோ ஓட்டை ஓட்டையாகவே இருந்தது. நல்ல மேம்பாடு பெரும்பாலும் இப்படித்தான், ஓசைப்படாமல் வரும்.

இனி, அசைக்க வேண்டியதை அசைக்காமல் விட்ட கதைக்கு வருவோம். அதைப் புரிந்துகொள்ள மாவு அரைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். முதன்மைக் கடவுச்சொல்லைக் காப்பகம் அப்படியே பயன்படுத்துவதில்லை. அதை ஒரு கணித உரலில் இட்டு, பல்லாயிரம் சுற்று அரைத்து, வெளிவரும் மாவைத்தான் சாவியாகக் கொள்கிறது. அரைத்த மாவை மீண்டும் அரிசியாக்க முடியாது அல்லவா? அதனால் பெட்டகத்தைத் திருடியவன் ‘இதுவாக இருக்குமோ, அதுவாக இருக்குமோ’ என்று ஒவ்வொரு சொல்லாக ஊகித்து, ஒவ்வொன்றையும் அத்தனை சுற்று அரைத்துப் பார்க்க வேண்டும். சுற்று கூடக்கூட அவனுக்குச் செலவு கூடும். உங்களுக்கோ ஒரே ஒரு தடவை அரைக்கும் நேரம்தான். 2000-ஆம் ஆண்டு வெளியான பி.பி.கே.டி.எஃப்.2 என்னும் இம்முறைக்கு அப்போது குறைந்தது 1000 சுற்று போதும் என்றார்கள். எஸ்.எச்.ஏ.-256 என்னும் அரைவையுடன் பயன்படுத்தினால் 6,00,000 சுற்று வேண்டும் என்பது 2023-ல் வந்த பரிந்துரை. கணிப்பொறிகளின் வேகம் அவ்வளவு ஏறிவிட்டது.

2008-ல் தொடங்கிய லாஸ்ட்பாஸ் என்னும் காப்பகம் ஆரம்பத்தில் ஒரே ஒரு சுற்று அரைத்தது. பின்னர் 500, அதன் பின் 5000, 2018-ல் 1,00,100 என்று உயர்த்தியது. ஆனால் இந்த உயர்வு புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத்தான் தானாகக் கிடைத்தது. பழைய பயனர் பலருடைய பெட்டகங்கள் பழைய எண்ணிக்கையிலேயே கிடந்தன. 2022-ல் அந்நிறுவனத்துள் புகுந்த திருடர்கள் பயனர் பெட்டகங்களின் நகல்களை அள்ளிச் சென்றனர். 2022 டிசம்பர் 22-ல் நிறுவனம் அதை அறிவித்தது. பெட்டகத்தில் இருந்த இணைய முகவரிகள் மறைகுறியாக்கப்படாமலே இருந்தன என்பதும் அப்போது பலருக்குத் தெரிய வந்தது. பழைய கணக்குகள் 5000 சுற்றிலும், சில ஒரே சுற்றிலும் நின்றுவிட்டதைப் பாதுகாப்பு ஆய்வாளர் விளாடிமிர் பலாந்த் எடுத்துக்காட்டிக் கடுமையாகக் கண்டித்தார்.

இதன் பொருளைக் கணக்கிட்டுப் பாருங்கள். 5000 சுற்று கொண்ட பெட்டகத்தின் சொல்லை ஊகிக்கத் திருடனுக்கு ஒரு நாள் பிடிக்கிறது என்று கொள்வோம். அதே சொல், அதே இயந்திரம். 1,00,100 சுற்றானால் 20 நாள். 6,00,000 ஆனால் 120 நாள். ஒரே சுற்றானால்? ஒரு நாளுக்கு 86,400 வினாடி. அதை 5000-ஆல் வகுத்தால் 17 வினாடி. நெடுங்காலம் நம்பி இருந்த வாடிக்கையாளருக்கு 17 வினாடிப் பூட்டு, நேற்று வந்தவருக்கு 20 நாள் பூட்டு!

முதன்மைக் கடவுச்சொல் நிறுவனத்திடம் இல்லை. ஆகவே நிறுவனம் தானாக மறுபடி அரைக்க முடியாது என்று வாதிடலாம். உண்மைதான். ஆனால் பயனர் அடுத்த முறை அந்தச் சொல்லைத் தட்டச்சு செய்யும் அந்த நொடியில், அவருடைய கணிப்பொறியே அதைக் கூடுதல் சுற்று அரைத்துப் பெட்டகத்தை மறுபடி பூட்டிவிடலாம். அவர் அறியவே வேண்டியதில்லை. இதைச் செய்யாமல், அமைப்புப் பக்கத்தின் ஆழத்தில் ஓர் எண்ணை வைத்து ‘வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம்’ என்று இருந்ததே என் பார்வையில் பெருங்குற்றம். பொத்தானை இடம் மாற்றுமுன் எவரும் நம்மைக் கேட்பதில்லை. கேட்காமலே செய்ய வேண்டியதற்கு மட்டும் நம் சம்மதம் தேவைப்படுகிறது! லாஸ்ட்பாஸ் மட்டுமன்று, பிட்வார்டனும் 2023 தொடக்கத்தில் 6,00,000 சுற்றுக்கு உயர்ந்தபோது பழைய கணக்குகளை அவரவர் மாற்றிக்கொள்ளும்படியே முதலில் விட்டது.

லாஸ்ட்பாஸ் கதையில் இன்னொரு துணுக்கு. திருடர்கள் உள்ளே நுழைந்த வழிகளுள் ஒன்று, ஒரு மூத்த பொறியாளரின் வீட்டுக் கணிப்பொறி. அதில் இருந்த பிளெக்ஸ் என்னும் படம் பார்க்கும் மென்பொருளின் பழைய குறை ஒன்றைப் பயன்படுத்தினார்கள். அந்தக் குறைக்கான திருத்தம் 2020-லேயே வந்துவிட்டது. அவர் அதை ஏற்றிக்கொள்ளவில்லை.

கனடாவின் ஒன்பாஸ்வேர்டு தன் 8-ஆம் பதிப்பை 2021-ல் முன்னோட்டமாகக் காட்டி, மேக் கணிப்பொறிகளுக்கு 2022 மே மாதம் வெளியிட்டது. அதன் முகப்பு எலக்ட்ரான் என்னும் பொதுச் சட்டகத்தில் கட்டப்பட்டதை வைத்துப் பெரிய ஆரவாரம் எழுந்தது. அது ஓரளவு மிகை. எல்லா வகைக் கணிப்பொறிக்கும் ஒரே முகம் அமைவதில் நன்மையும் உண்டு. நியாயமான குறை வேறொன்று. முன்பு ஒருமுறை விலை கொடுத்து வாங்கி, பெட்டகத்தைத் தம் சொந்தக் கணிப்பொறியிலேயே வைத்துக்கொள்ள முடிந்தது. புதிய பதிப்பில் அந்த இரு வழிகளும் அடைபட்டன. சந்தா கட்ட வேண்டும், பெட்டகம் நிறுவனத்தின் கணக்கில்தான் இருக்க வேண்டும். சொந்தப் பெட்டியாக இருந்தது வாடகைப் பெட்டியாயிற்று. மைக்ரோசாஃப்ட் ஒரு படி மேலே சென்றது. அதன் ஆதென்டிகேட்டர் செயலியில் கடவுச்சொற்களைச் சேமித்தவர்களுக்கு 2025 ஜூனில் புதிதாகச் சேர்ப்பது நின்றது. ஜூலையில் தானாக நிரப்புவது நின்றது. ஆகஸ்டு முதல் சேமித்தவற்றை அந்தச் செயலியில் பார்க்கவும் முடியாமற்போயிற்று.

எனவே ஒரு புதிய பதிப்பு வரும்போது அதன் நிறத்தைப் பார்க்காதீர்கள். பழைய கணக்குக்கும் புதிய பூட்டு கிடைக்கிறதா, உங்கள் பெட்டியை வெளியே எடுத்துச் செல்லும் வழி திறந்திருக்கிறதா என்று பாருங்கள். விண்ணப்பத்தின் கடைசி நாளன்று பதிப்பை மாற்றாதீர்கள். மாற்றுமுன் முதன்மைக் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி, பத்திரங்கள் இருக்கும் பெட்டியில் வையுங்கள்; இவ்விடத்தில் தாளை விஞ்சிய விஞ்ஞானம் இன்னும் வரவில்லை. மாற்றியபின் அமைப்புப் பக்கத்தில் சுற்று எண்ணிக்கையைப் பாருங்கள். சில காப்பகங்களில் ஆர்கான்2 என்ற பெயர் தெரியும். 2015-ல் ஓர் உலகப் போட்டியில் வென்ற அம்முறை, ஒவ்வோர் ஊகத்துக்கும் பெருமளவு நினைவகத்தையும் கேட்டுத் திருடனைத் திணறடிப்பது. அதற்கு மாறிக்கொள்வது நல்லது. தானாக நிரம்பவில்லை என்றால் உடனே நகலெடுத்து ஒட்டாமல், முதலில் முகவரியைப் படியுங்கள். உலவிக்கும் சொந்தமாக ஒரு காப்பகம் உண்டு. இரண்டும் ஒரே கட்டத்துக்குப் போட்டியிடுவதால் பல குழப்பங்கள் நேர்கின்றன. ஒன்றை அணைத்துவிடுங்கள்.

பெட்டியை வெளியே எடுக்கும்போது ஓர் எச்சரிக்கை. சி.எஸ்.வி. என்னும் கோப்பாக எடுத்தால் அதில் எல்லாக் கடவுச்சொற்களும் பூட்டின்றி, வெறும் எழுத்தாக இருக்கும். மணவூரிலோ திருத்தணியிலோ பொதுக் கணினி மையத்தில் அமர்ந்து இதைச் செய்யாதீர்கள். வீட்டில் செய்தாலும், புதிய காப்பகத்தில் ஏற்றிய பின் கோப்பை அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள். கடவுச்சொல்லுக்கு மாற்றாக இப்போது பரவிவரும் பாஸ்கீ என்னும் சாவிகள் அந்தக் கோப்பில் வரமாட்டா. அவற்றை வைத்திருப்பவர்கள், பழைய காப்பகத்தை மூடுமுன் ஒவ்வொரு தளத்திலும் புதிய சாவி ஒன்றைப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.