இரு கண்களும் ஊரின் கண்களும்

சிறைவாசிகளின் மறுவாழ்வைப் பற்றித் தமிழில் எவர் பேசினாலும் 'பல்லாண்டு வாழ்க' படத்தின் நினைவு உடன் வந்துவிடுகிறது. கே. சங்கர் இயக்க, எம்.ஜி.ஆர். நடித்து 1975-இல் வெளிவந்த அப்படம், வி. சாந்தாராம் 1957-இல் இந்தியில் ஆக்கிய 'தோ ஆங்கேன் பாரஹ் ஹாத்' என்னும் படத்தின் தமிழ் வடிவம். 'இரு கண்கள், பன்னிரு கைகள்' என்பது இந்தித் தலைப்பின் பொருள். அவ்விந்திப் படம் 1958-இல் பெர்லின் திரைப்பட விழாவில் வெள்ளிக் கரடிப் பரிசு பெற்றது. அனைத்துலகக் கத்தோலிக்கத் திரைப்பட அமைப்பின் பரிசும் அங்கேயே அதற்குக் கிடைத்தது. திருச்சபையினர் போற்றிய படம் என்பதாலேயே, அது நமக்குக் கற்றுத் தந்தது எது, கற்றுத் தராமல் விட்டது எது என்று ஆராய்வது நம் கடமையாகிறது.

கதையை நம் வாசகர் அறிவர். கொலைக் குற்றத்திற்காகத் தண்டனை பெற்ற அறுவரைச் சிறை அதிகாரி ஒருவர் தம் பொறுப்பில் வெளியே அழைத்துச் செல்கிறார். விலங்கு இல்லை, மதில் இல்லை. பாழ்நிலம் ஒன்றைத் திருத்திப் பயிர் செய்கிறார்கள். ஓடிப்போக நினைக்கும் வேளையில் அதிகாரியின் கண்கள் அவர்களைத் தடுத்து நிறுத்துகின்றன. விளைந்த காய்கறியைச் சந்தைக்குக் கொண்டுபோய் நியாய விலைக்கு விற்கும்போது, வணிகரின் பகை மூளுகிறது. அடிபட்டும் அவர்கள் கையோங்குவதில்லை.

இது முற்றிலும் கற்பனையன்று. அவுந்து சமஸ்தானத்தில் ஆட்பாடிக்கு அருகே 1939-இல் தொடங்கப்பெற்ற சுவதந்திரபூர் என்னும் திறந்தவெளிக் குடியிருப்பே கதையின் வேர். போலந்திலிருந்து வந்த பொறியாளர் மாரீஸ் பிரீட்மன் அதற்குத் தூண்டுகோலாய் இருந்தார். கதையை எழுதிய ஜி. டி. மாட்கூள்கர் அந்நிலப் பகுதியிற் பிறந்த கவிஞர். தண்டனைக் காலம் முடியுமுன்னரே மனிதனை மண்ணோடும் உழைப்போடும் சேர்த்துவிட வேண்டும் என்னும் எண்ணம், விடுதலைக்கு முன்பே இந்நாட்டில் செயல்வடிவம் பெற்றுவிட்டது என்பதை நாம் பெருமையோடு நினைக்கலாம்.

தமிழ்ப் படத்திற்கு மட்டுமே உரிய சிறப்பு ஒன்றுண்டு. எம். என். நம்பியார், பி. எஸ். வீரப்பா, ஆர். எஸ். மனோகர் ஆகியோர் அந்த அறுவருள் அடங்குவர். பல்லாண்டுகளாகத் திரையில் வெறுக்கவே நாம் பழகிய முகங்கள் இவை. வீரப்பாவின் சிரிப்பைக் கேட்டாலே குழந்தைகள் அஞ்சிய காலம் அது. அம்முகங்கள் ஏர் பிடித்து வியர்ப்பதையும், வேண்டுதலில் தலை தாழ்வதையும் காணும்போது, மாற வேண்டியது அவர்களைப் பற்றிய நம் தீர்ப்புமே என்று உணர்கிறோம். எந்த மறையுரையும் எளிதில் செய்ய முடியாத பணியை நடிகர் தேர்வு ஒன்றே செய்துவிடுகிறது.

ஆயினும் படத்தின் குறையும் அதன் கண்களிலேயே இருக்கிறது. அறுவரின் நல்வாழ்வு முழுவதும் ஒரே மனிதரின் பார்வையைப் பற்றி நிற்கிறது. அவர் நம்பினார், ஆகவே அவர்கள் மாறினார்கள். மாறிய மனிதன் பிறகு எங்கே போவான்? அவன் பிறந்த ஊர் கதைக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறது. சமுதாயம் என்று படம் நமக்குக் காட்டுவது பெரும்பாலும் ஒரு சந்தையைத்தான். சந்தையிற் பொருள் விற்கலாம். சந்தையிற் குடியிருக்க முடியாது.

அதனினும் பெரிய மௌனம் ஒன்று உண்டு. அறுவரும் கொலை செய்தவர்கள். கொல்லப்பட்டவர்களின் வீடுகள் எங்கே? அந்தத் தாய், அந்த மனைவி என்ன நினைக்கிறார்கள்? குற்றவாளியின் கண்ணீரைக் காட்டும் கலை, இழந்தவரின் கண்ணீரையும் காட்டினாலன்றி அதன் இரக்கம் முழுமை பெறாது.

நாம் வாழும் கொல்லிமலையிலிருந்து நோக்கும்போது இக்குறை மேலும் தெளிவாகிறது. நகரத்தில் ஒருவன் தெரு மாறி வாழ்ந்துவிடலாம். எழுபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே, வளப்பூர் நாட்டிலோ குண்டூர் நாட்டிலோ உள்ள சிற்றூரில் அது இயலாது. இரு குடும்பங்களும் ஒரே பாதையில் நடக்க வேண்டும். ஒரே ஊற்றில் நீர் முகக்க வேண்டும். சாமை அறுப்பிலும் மிளகுப் பறிப்பிலும் ஒருவரை ஒருவர் எதிர்கொள்ள வேண்டும். இம்மலையில் கொல்லிப்பாவை என்னும் உருவம் ஒன்று இருந்ததாகவும், வருவோரைப் பார்வையாலும் சிரிப்பாலும் கவர்ந்து அழித்ததாகவும் பழங்கதை சொல்கிறது. சிறையிலிருந்து திரும்புவோனை ஊர் பார்க்கும் பார்வைக்கும் அத்தகைய ஆற்றல் உண்டு. ஓர் அதிகாரியின் இரு கண்கள் ஒருவனை மனிதனாக்கலாம். ஊரின் இருநூறு கண்கள் சில நாள்களில் அதனை அழித்துவிடலாம்.

நம் சட்டம் இதைப் படத்தைவிட நன்றாகவே புரிந்துகொண்டிருக்கிறது. 1982-இல் தமிழ்நாட்டு அரசு வகுத்த தண்டனை நிறுத்திவைப்பு விதிகள், மூன்றாண்டுச் சிறைவாசம் முடித்தவருக்குச் சாதாரண விடுப்பு வழங்க இடமளித்தன. எதற்காக விடுப்பு என்ற பட்டியலைப் படித்தால் வியப்பாக இருக்கிறது: குடும்பத்தின் பிழைப்புக்கும் விடுதலைக்குப் பிந்திய வாழ்வுக்கும் ஏற்பாடு செய்ய, பிள்ளைகளைப் பள்ளியிற் சேர்க்க, வீட்டைக் கட்ட அல்லது பழுதுபார்க்க, மகள் திருமணத்தை நடத்த, பாகப்பிரிவினை போன்ற குடும்ப வழக்கைத் தீர்க்க, விதைக்க, அறுக்க. குற்றத்தால் அறுந்த உறவுகளை ஒவ்வொன்றாக முடிச்சிடும் பட்டியல் இது. விடுப்புக்கு முன் நன்னடத்தை அலுவலரின் விசாரணை உண்டு. அவர் ஊருக்கு வந்து கேட்கும்போது ஊர் என்ன சொல்கிறது என்பதே கேள்வி. "வேண்டாம் சாமி, அவன் உள்ளேயே இருக்கட்டும்" என்று ஒதுங்கும் ஊரில் விதி வெறும் தாளாகிவிடும்.

திரையில் இல்லாத ஊரை இராசஸ்தானத்துச் சாங்கானேர் நமக்குக் காட்டுகிறது. 1963-இல் தொடங்கிய அத்திறந்தவெளி முகாம், அன்றைய ஆளுநர் சம்பூர்ணானந்தரின் பெயர் தாங்கியது. அங்கே சிறைவாசிகள் தம் குடும்பத்தாருடன் வாழ்ந்து, பகலில் நகருக்குள் சென்று உழைத்துப் பொருளீட்டி, மாலையில் திரும்பி வருகையைப் பதிவு செய்கிறார்கள். தமக்குள் பஞ்சாயத்தும் வைத்துள்ளார்கள். அண்டை அயலார் அவர்களை வேலையாள்களாகவும் வாடிக்கையாளராகவும் நாள்தோறும் காண்கிறார்கள். பார்த்துப் பழகிய கண்கள் அச்சம் இழக்கின்றன. தமிழகத்தில் சிங்காநல்லூரிலும் சிவகங்கை மாவட்டப் புரசடைஉடைப்பிலும் திறந்தவெளிச் சிறைகள் உண்டு. அங்கே உழவு நடைபெறுவது நன்று. ஊரோடு உறவாடும் வழி அவற்றிலும் பெருக வேண்டும்.

இம்மலையிற் பிறந்த ஒருவர் வேறொரு துறையில் இதே உண்மையைக் கண்டார். 1914-இல் இங்கே மறைப்பணியாளரின் மகனாகப் பிறந்த மருத்துவர் பால் பிராண்டு, வேலூரில் தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்தினார். நிமிர்ந்த கைக்கு வேலையும், அவ்வேலைக்கு ஓர் இடமும் இன்றேல் பயனில்லை எனக் கண்டு, நோயாளர் தொழில் பயில நவஜீவ நிலையத்தை அமைத்தார். மருத்துவமனைக்கும் ஊருக்கும் நடுவே ஒரு படி தேவைப்பட்டது. சிறைக்கும் ஊருக்கும் நடுவே தேவைப்படுவதும் அதுவே.

திருச்சபைக்கு இது புதிய பாடமன்று. பழங்காலத்தில் பெரும்பாவம் செய்தோர் ஆலய வாயிலில் நின்று, பின் கேட்போராய், பின் முழந்தாளிடுவோராய்ப் படிப்படியாகவே உள்ளே வந்தனர். 325-இல் கூடிய நீசேயாப் பொதுச்சங்கம் தன் 12-ஆம் விதியில் தவத்தின் ஆண்டுகளை வரையறுத்தது. எனினும் ஒருவரின் மனமாற்றம் செயலால் மெய்ப்பட்டால் ஆயர் அவரிடம் மேலும் கனிவு காட்டலாமென இடம் விட்டது. உரோமையில் பெரிய வியாழனன்று ஆயர் அவர்களை ஒப்புரவாக்கி ஏற்றுக்கொண்டார். புனித பவுலடியாரோ ஒனேசிமுவை வெறுங்கையோடு திருப்பி அனுப்பவில்லை. சிறையிலிருந்தே பிலமோனுக்கு மடல் எழுதி, பட்ட கடனைத் தாமே தீர்ப்பதாகப் பொறுப்பேற்று, ஒனேசிமுவைச் சகோதரனாய் ஏற்கும்படி வேண்டினார். அம்மடல் பிலமோனுக்கு மட்டுமன்றி அவர் வீட்டிற் கூடிய சபைக்கும் உரியது என்பதை நாம் மறத்தலாகாது. வரவேற்கும் வீட்டையும் சபையையும் அவர் முதலில் ஆயத்தப்படுத்தினார்; இழப்புற்றவருக்கு ஈடும் பேசினார். சாந்தாராமும் சங்கரும் விட்ட இரண்டு இடங்களையும் அச்சிறு மடல் நிரப்பிவிடுகிறது.

ஆகவே படத்தை நாம் தள்ளவில்லை. அதன் முடிவிலிருந்து நம் வேலை தொடங்குகிறது என்கிறோம். 1981-இல் கோட்டயத்தில் முளைத்து இன்று நாடெங்கும் பரவியுள்ள சிறைப்பணி இயக்கத்தார் மதிலுக்குள் செல்கிறார்கள். மதிலுக்கு வெளியே பங்குகள் செய்ய வேண்டியவை எஞ்சி நிற்கின்றன. விடுப்புக்கு முன்பே கொல்லப்பட்டவரின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அவர்கள் குறையைக் கேட்க வேண்டும். அவர்கள் இன்னும் மன்னிக்க இயலவில்லை என்றால் அதையும் மதிக்க வேண்டும். ஊர்ப் பெரியவர்களோடு பேச வேண்டும். நன்னடத்தை அலுவலர் வரும்போது, "எங்கள் கண்காணிப்பில் வரட்டும்" என்று சொல்ல நால்வரேனும் முன்வர வேண்டும்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2024 டிசம்பர் 26 அன்று உரோமையின் ரெபிபியா சிறையில் யூபிலி ஆண்டின் புனிதக் கதவைத் திறந்துவைத்தார். அக்கதவு சிறையின் பக்கத்திலிருந்து திறந்தது. ஊரின் பக்கத்துத் தாழ்ப்பாள் நம் கையில் இருக்கிறது.