பிரெஞ்சுக் கலாநிதிப் பள்ளிகள்: நிறைவுங் குறையும்

பள்ளி என்றவுடன் கட்டடமும் கரும்பலகையும் மணியோசையும் நினைவுக்கு வருதல் இயல்பு. பிரான்சு நாட்டுப் பல்கலைக்கழகங்களிலே கலாநிதிப் பள்ளி எனப்படுவது அத்தகையதன்று. ஆராய்ச்சி நடைபெறுமிடம் ஆய்வுகூடம், பட்டமளிப்பது பல்கலைக்கழகம். இவ்விரண்டிற்கும் நடுவே நின்று மாணாக்கரைத் தெரிதலும், அவர்தம் ஆராய்ச்சி செல்லும் நெறியைக் கண்காணித்தலுமே பள்ளியின் பணியாம்.

பாரிசில் விஞ்ஞானத்துக்கும் மருத்துவத்துக்கும் பெயர்பெற்ற பியேர், மரி கியூரி பல்கலைக்கழகம் 2018இல் பாரிசு-சோர்போன் பல்கலைக்கழகத்துடன் இணைந்து சோர்போன் பல்கலைக்கழகம் ஆயிற்று. அங்குள்ள பள்ளிகள் துறைவாரியாக அமைந்தவை. பௌதிகப் பள்ளியோ ஒரு பல்கலைக்கழகத்துள் அடங்காது, தலைநகர்ப் பகுதியின் பல நிறுவனங்களுக்குப் பொதுவாயுள்ளது. பற்பல கூடங்களிற் சிதறியிருக்கும் மாணாக்கர் யாவரையும் பணிப்பாளர் ஒருவர் முகமறிந்து பழகுதல் அரிது.

2016ஆம் ஆண்டுக் கட்டளையின்படி பள்ளியின் பேரவையிற் பன்னிருவர் முதல் இருபத்தறுவர் வரை அமர்வர். ஐந்திலொரு பங்கினர் மாணாக்கர். இது வரவேற்கற்பாலதே. எனினும் அக்கட்டளையின் உயிர்நாடி வேறிடத்திலுள்ளது. ஒவ்வொரு மாணாக்கருக்கும் தனித்தனியே ஒரு கண்காணிப்புக் குழு வேண்டுமென்றும், அவரை நெறிப்படுத்துவோர் அதில் இடம்பெறலாகாதென்றும் அது விதித்தது. பட்டத் தேர்விலும் வழிகாட்டும் பேராசிரியர் சபையில் அமரலாம், தீர்ப்பிற் கலந்துகொள்ளலாகாது. கற்பிப்போனே நீதிபதியாகவும் இருந்த பழைய வழக்கம் இவ்வாறு முறிந்தது.

ஆயினும், பேராசிரியர் அருகிலிருக்கையில் அவரைப்பற்றி முறையிடத் துணியும் மாணாக்கர் எத்தனைபேர்? குழு அவ்விருவரையும் வெவ்வேறாக வினவுதல் வேண்டுமென்ற விதி 2022இலேதான் எழுந்தது. ஒவ்வோராண்டும் மறுபதிவுக்கு முன்னர்க் குழு கூடவேண்டுமென்பதும், ஆராய்ச்சித் துறைக்குப் புறம்பான ஒருவர் அதில் இருத்தல்வேண்டுமென்பதும் அப்போது வந்தவையே. முதலிலேயே செய்திருக்கவேண்டிய இத்திருத்தத்திற்கு ஆறாண்டு சென்றமை வியப்புக்குரியது. துறைக்குப் புறம்பானவர் ஆராய்ச்சியின் நுட்பத்தை அறியாரெனினும், மாணாக்கரின் சோர்வை அறிவார். நிபுணர் சிலர் அதனைக் காண்பதில்லை.

விதிகள் தொடாத இடம் பணமே. பள்ளி நடத்தும் போட்டித் தேர்வினால் மூன்றாண்டு ஒப்பந்தம் பெறுவோர் உளர். அங்கே பள்ளியின் சொல்லுக்கு வலிமையுண்டு. ஆய்வுகூடத்தின் திட்டப்பணத்தாற் சேர்வோர் நிலை வேறு. பணந்தேடியவரே மாணாக்கரையுந் தேடிக்கொள்கிறார். அவருக்கு நான்காம் ஆண்டு வேண்டுமெனக் குழு பரிந்துரைக்கலாம். அவ்வாண்டின் ஊதியத்தையோ பெரும்பாலும் அந்த வழிகாட்டியே தேடித்தரவேண்டியிருக்கிறது.