கூட்டமா, வாசகரா?

2022 நவம்பரில் நெல்லையில் பொருநை இலக்கியத் திருவிழா நடந்தது. அதே வரிசையில் தமிழக அரசு சென்னை, சிறுவாணி, வைகை, காவிரி என்ற பெயர்களிலும் விழா எடுத்தது. விழாவுக்கு ஆற்றின் பெயரை வைப்பது இலக்கியத்தை வட்டாரத்தின் பக்கம் திருப்புகிற காரியம். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் வட்டாரம் என்பது பெயர்ப்பலகையா, பேச்சா?

நான் போய்வந்த இலக்கிய விழாக்களில் நாற்காலிகளை நிரப்பியவர்கள் பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள். வருகைப்பதிவும் சான்றிதழும் அவர்களைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. மேடையில் பேராசிரியர் படைப்பை அறிமுகம் செய்கிறார்: கதைக்கரு, பாத்திரப் படைப்பு, நடை. தேர்வுத்தாளின் உள்தலைப்புகள் அப்படியே இடம்பெயர்ந்திருக்கின்றன. பிரதி அங்கே ஏற்கெனவே விடை எழுதப்பட்ட ஒன்று; மாணவருக்கு மிஞ்சுவது கைத்தட்டல்.

புதுமைப்பித்தனின் கதைமாந்தர் பலர் நெல்லைத் தமிழ் பேசுகிறார்கள். அதே தமிழ் பேசும் மாணவி அக்கதைகளைப் பற்றி விடை எழுதும்போது தன் பேச்சை வாசலில் விட்டுவிட்டு வரவேண்டும். ஒரு விழாவின் தேநீர் இடைவேளையில் ஒருத்தி கேட்டாள்: "எங்க ஆச்சி பேசுற மாதிரில்லா இருக்கு. இத நான் பரீட்சையில எழுதுனா மார்க் போடுவாவளா?" அன்றைய அமர்வுகள் எதிலும் எழாத விமர்சனக் கேள்வி இது. எது இலக்கிய மொழி, அதைத் தீர்மானிக்கும் அதிகாரம் யாருக்கு என்று கேட்கிறது. அரங்குக்குள் இதற்கு இடமில்லை. நேரமின்மை காரணமாக முதலில் வெட்டுப்படுவது கேள்வி நேரம்தான்.

பல்கலைக்கழகம் கூட்டம் அனுப்புவது பங்கேற்பு ஆகாது. மாணவர் படித்துவிட்டு வரட்டும், ஆசிரியர் கொஞ்சம் கீழே உட்காரட்டும், அந்தக் கேள்வி மேடையேறட்டும். அப்புறம் விடைத்தாளும் மாறியாக வேண்டியிருக்கும்.