கல்லைத் தொழாதீர், படியுங்கள்!

கல்லைக் கடவுளாக்கிய கதை நாம் அறிந்ததே. மனிதனைக் கல்லிலே எழுதி வைத்த கதையை நம்மிற் பலர் மறந்தோம்.

செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் ஒரு நடுகல். பல்லவன் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டினது. எருமைகளுக்காகப் பொருது மாண்ட கருந்தேவகத்தி அதிலே நிற்கிறான். பக்கத்தில் அவன் நாய்! அதற்கும் பெயருண்டு: கோவிவன். கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றதாம். நாய்க்கும் நன்றி மறவாத நாகரிகமன்றோ இது!

தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுத்த கற்களோ இதனினும் பல நூற்றாண்டு மூத்தவை. அவற்றிலே உருவமில்லை, எழுத்து மட்டுமே. ஆநிரைப் பூசலில் வீழ்ந்தவனை ஒரு கல் சொல்கிறது.

முதலில் எழுத்து. பின்னர் உருவம். அதன் பின்? வானுலக மகளிர் வீரனைச் சுமந்து செல்கின்றனர், உச்சியிலே இலிங்கம்! சதிக்கல்லிலோ, எரியுண்ட பெண்ணின் வளையணிந்த கை உயர்ந்து நிற்கிறது. அவள் பெயர் எங்கே? பல கற்களில் அதுவும் இல்லை. வீரம் செய்தவனை விண்ணுக்கு அனுப்பினர்; கொடுமைக்கு ஆளானவளைத் தெய்வமாக்கிக் கொடுமையை மறைத்தனர்.

பண்டைத் தமிழரும் நடுகல்லுக்குப் பீலி சூட்டினர், கள் படைத்தனர், மறுப்பதற்கில்லை. எனினும் அவர்கள் போற்றியது, பெயரும் செயலும் தெரிந்த ஒரு மனிதனை. இன்றோ தருமபுரி, செங்கம் பகுதிகளில் நடுகற்கள் பல வேடியப்பன் என்னும் சாமி! எண்ணெய் ஏறிற்று, எழுத்து மறைந்தது.

பழங்கதைதானே என்று எண்ணாதீர். கடலூரிலிருந்து மாணவர் சிலரைச் சிதம்பரத்துக்கு அழைத்துச் சென்றேன். அண்ணாமலை நகரில், 1965 சனவரி 27-இல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் துப்பாக்கிக் குண்டுக்கு இரையான மாணவன் இராசேந்திரனின் சிலை. காய்ந்த மாலை தொங்கியது. "ஐயா, இவர் யார்?" என்றான் ஒருவன்.

குற்றம் அவனுடையதன்று, நம்முடையது. ஆண்டுதோறும் வீரவணக்கம் முழங்குகிறோம். வீரன் செய்தது இன்னதென்று விளக்குகிறோமா? செயலை மறந்து சிலையை வணங்கினால், இன்னொரு வேடியப்பனை நாமே உண்டாக்குகிறோம். பகுத்தறிவு பேசும் நமக்கு இது பெருமையா?

தோழர்களே! மாலையோடு செல்லுங்கள், தடையில்லை. ஆனால் அவன் யார், ஏன் மாண்டான் என்பதை ஒரு மாணவனுக்கேனும் சொல்லிவிட்டுத் திரும்புங்கள். நடுகல் நட்டவர்கள் நம்மிடம் கேட்பது அதுவே.