கசப்பும் துவர்ப்பும்: தேயிலை எழுத்தில் ஒரு சொல்

நாவலப்பிட்டியைச் சூழ்ந்த தேயிலை மலைகளைப் பாடுவோர் பலரிடத்தும் தேநீர் 'கசக்கிறது'. துயரத்திற்கு அச்சொல் எளிதிற் கைகொடுக்கிறது. ஆயின் தேநீரை அருந்திய நா அதனை ஒப்புமா?

இரசாயனம் இவ்விரு சுவைகளையும் வேறுபிரிக்கிறது. பியரில் ஹொப்ஸ் பூவின் அமிலங்கள் கொதியில் உருமாறிக் கசப்பாகின்றன. அதனை ஐசோஒக்டேனிற் பிரித்து 275 நனோமீற்றர் ஒளியில் அளப்பர். பொலிபீனோல்களுக்கோ வேறு சோதனை. தேயிலையிற் கஃபீன் கசப்பது. பச்சைக் கொழுந்தின் கற்றெச்சின்கள் கசந்து துவர்ப்பன. நசுங்கிய கொழுந்து காற்றுப்பட்டுச் சிவக்கையில் அவை தியாபிளேவினாகவும் தியாரூபிஜினாகவும் மாற, கசப்புத் தணிந்து துவர்ப்பு மேலோங்கும். உமிழ்நீரின் புரதத்தைப் பற்றி நாவை வறளச் செய்வது அதுவே. போலின் சோதனை பொலிபீனோலின் மொத்தத்தைக் காட்டும், சுவையைக் காட்டாது. கவிஞரின் 'கசப்பும்' அத்தகைய மொத்தக் கணக்குத்தான்.

பாலின் புரதம் துவர்ப்பைத் தணிக்கும். வெறுந்தேநீர் அருந்தி மலையேறுபவளின் வாயில் அது தணிவதில்லை. பாலுக்கு வழியில்லாத வறுமை அந்த வறட்சியிலேயே தெரிகிறது. கசப்பு என்றதும் அது மறைந்துவிடுகிறது. அறுசுவையுள் இரண்டையும் வேறாக வைத்த மொழியில் எழுதுவோர், துவர்ப்பைப் பாக்குக்கும் மாதுளந்தோலுக்கும் ஒதுக்கிவிட்டது வியப்பே.